வடிகட்டித் தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுதல்

வீட்டு மீன்தொட்டியின் வடிகட்டித் தொட்டி, அதாவது மீன்கடைக்காரர்கள் சம்ப் என்று சொல்லும் துணைத்தொட்டி, பெரும்பாலும் காட்சித் தொட்டியைத் தாங்கும் ஸ்டாண்டின் அடி அலமாரியிலேயே வைக்கப்படுகிறது. காட்சித் தொட்டியிலிருந்து வழியும் நீர் இறக்குக் குழாய் வழியே இதற்குள் விழுந்து, பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் புகுந்து வந்து, கடைசி அறையில் மூழ்கியிருக்கும் மோட்டாரால் ஏற்றுக் குழாய் வழியே மறுபடியும் மேலே அனுப்பப்படுகிறது. இத்துணைத்தொட்டியை ஒரு தளம் கீழே இறக்கி வைப்பதால் நீர் முன்னிலும் தூய்மையாகிவிடுவதில்லை. கூடத்தில் மோட்டார் இரைச்சல் ஒழிவதும், பெரிய தொட்டிக்கு இடம் கிடைப்பதும், மாடித் தளத்தின் சுமை குறைவதும், கோடையில் நீர் சற்றுக் குளிர்ச்சியாக இருப்பதும் இம்மாற்றத்தின் ஆதாயங்கள். கூடும் மின்செலவும், மின்சாரம் நின்ற கணத்தில் எவ்வளவு நீர் எந்தப் பக்கம் போகும் என்ற கணக்கைத் தவறாமல் போட வேண்டிய பொறுப்பும் அதற்குக் கொடுக்கும் விலை. மோட்டார் ஓடும்போது எந்த அமைப்பும் ஒழுங்காகத்தான் தெரியும் என்பதால், மோட்டார் நிற்கும் நிலையை மனத்தில் வைத்தே இந்த அமைப்பு முழுவதும் வடிவமைக்கப்பட வேண்டும்.

இந்த யோசனை புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தொட்டி வல்லுநர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு, 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் திறக்கப்பட்ட மீன்காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளைக் காட்டிலும் பெரிய, வெளிச்சம் புகாத நீர்க்கிடங்கைக் கீழே அமைத்து, அதிலிருந்து நீரை இடைவிடாமல் மேலேற்றும் முறையைக் கையாண்டார். 1874-இல் திறக்கப்பட்ட நேப்பிள்ஸ் மீன்காட்சியகத்துக்கும் அவருடைய ஆலோசனை பயன்பட்டது. நீரின் மொத்த அளவு பெருகினால் கழிவின் அடர்த்தி குறையும், இருட்டில் பாசி வளராது, தரைக்கடியில் வெப்பம் ஏறி இறங்காது என்ற அவருடைய காரணங்கள் மூன்றும் இன்றைக்கும் செல்லுபடியாகும். 1909-இல் சென்னை மெரினாவில் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட மீன்காட்சியகத்துக்கு எதிரிலேயே கடல் இருந்தது. கொல்லிமலை அடிவாரத்து வீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை பக்குவப்படுத்திய நீரையே அவர் திரும்பத் திரும்பச் சுழற்றியாக வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்தில் சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் காரவள்ளிக்குப் போகும் வழியில் உள்ள காளப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில் மேல்நாட்டு வீடுகளைப் போல நிலவறை கட்டும் வழக்கம் இல்லை. கீழ்த்தளம் என்று இங்கே கொள்ளத்தக்கவை மூன்று: மாடியில் தொட்டி வைத்திருப்போருக்குத் தரைத்தளத்துப் படிக்கட்டின் அடிப்பகுதி, தூண்கள் மேல் எழுப்பிய வீட்டின் வண்டி நிறுத்துமிடம், சரிவு நிலத்தில் கட்டிய வீட்டில் அஸ்திவாரத்தின் உயரமான பக்கத்தில் கிடைக்கும் அரைத்தள அறை. நான்காவதாகச் சிலருக்குத் தோன்றும் யோசனை, வீட்டு வாசலில் குடிநீருக்காகக் கட்டியிருக்கும் தரைத்தொட்டியையே வடிகட்டியாக்கிவிடலாம் என்பது. அதை அறவே தவிர்க்க வேண்டும். சிமென்ட் சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை ஏற்றும் என்பது சிறிய காரணம். பல்லாயிரம் லிட்டர் கொள்ளும் அத்தொட்டியில் மோட்டாரை இறக்கினால், மேலே இறக்குக் குழாய் அடைபட்ட நாளில் அத்தனை நீரும் கூடத்துக்கு ஏறிவிடும் என்பதே பெரிய காரணம்.

அந்த ஆபத்தின் தன்மையை ஒரு கணக்கால் விளக்கலாம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டியைச் சென்டிமீட்டரில் ஏறக்குறைய 120-க்கு 45-க்கு 60 என்று கொண்டால், அதன் நீர்ப்பரப்பு 5,400 சதுர சென்டிமீட்டர். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 5.4 லிட்டர் வெளியேறியதாகப் பொருள். இத்தகைய தொட்டியின் மூலையில், மேல்விளிம்பில் பல்வெட்டு உடைய கண்ணாடிப் பெட்டி ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். ஏரி நிரம்பினால் மிகைநீர் கலிங்கில் வழிவதைப் போலவே, மட்டத்துக்கு மேல் உயரும் நீர் மட்டுமே இந்தப் பல்வெட்டைத் தாண்டிப் பெட்டிக்குள் விழுந்து குழாயில் இறங்குகிறது. மின்சாரம் நின்றதும் ஏறும் நீர் நின்றுவிடும். இறங்கும் நீரோ பல்வெட்டின் மட்டம் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். ஏற்றுக் குழாயின் வாயும் நீருக்குள் இருப்பதால் அதுவும் திசைமாறி, மேல்நீரைத் தானாகக் கீழே உறிஞ்சும். இவ்விரண்டாலும் மட்டம் 3 சென்டிமீட்டர் இறங்குவதாகக் கொண்டால் 16 லிட்டர். மூலைப் பெட்டியில் தங்கியிருந்ததில் 5 முதல் 6 லிட்டர். 40 மில்லிமீட்டர் இறக்குக் குழாய் 5 மீட்டர் நீளம் இருந்தால் அதில் 5 லிட்டர். 25 மில்லிமீட்டர் ஏற்றுக் குழாய் 6 மீட்டரில் 2 லிட்டருக்குச் சற்று மேல். ஆக ஏறத்தாழ 29 லிட்டர், சில நிமிடங்களுக்குள் கீழே வந்து சேரும்.

கீழ்த்தொட்டி 90-க்கு 40-க்கு 40 சென்டிமீட்டர் அளவில் இருந்து, மோட்டார் ஓடும்போது அதில் 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்குமானால், மேலே மீதம் உள்ள 15 சென்டிமீட்டரில் 54 லிட்டர் கொள்ளும். வந்து சேரும் 29 லிட்டர் மட்டத்தை 8 சென்டிமீட்டர் உயர்த்தி 33-இல் நிறுத்தும். விளிம்புக்கு 7 சென்டிமீட்டர் இடைவெளி எஞ்சும். தொட்டி நிறைய நீர் இருந்தால் நல்லதுதானே என்று ஓடும் மட்டத்தை 35-க்கு ஏற்றிவைப்பவர், முதல் மின்தடையிலேயே படிக்கட்டின் அடியைத் துடைக்க நேரும். ஓடும் மட்டத்தையும் நின்ற மட்டத்தையும் கீழ்த்தொட்டியின் வெளிக்கண்ணாடியில் அழியாத மையால் இரு கோடுகளாகக் குறித்து வைப்பது, நீர் மாற்றும் வேலை வீட்டில் யார் கைக்குப் போனாலும் உதவும்.

வெள்ளத்துக்கு எதிர்த்திசையும் உண்டு. நத்தையோ வாடிய இலையோ இறக்குக் குழாயை அடைத்துக்கொண்டால் மோட்டார் தன் அறையில் இருக்கும் நீர் முழுவதையும் மேலே ஏற்றிவிட்டுத்தான் ஓயும். எனவே மோட்டார் இருக்கும் கடைசி அறையில் ஏற்றத்தக்க நீர், மேல்தொட்டியின் விளிம்புக்குக் கீழே வெறுமையாக உள்ள இடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மேற்சொன்ன தொட்டியில் நீர் 56 சென்டிமீட்டரில் நின்றால் வெற்றிடம் 21 லிட்டருக்குச் சற்று மேல். மோட்டார் அறை 20 சென்டிமீட்டர் அகலமாக இருந்து, உறிஞ்சுவாய்க்கு மேல் 20 சென்டிமீட்டர் நீர் நின்றால் ஏறக்கூடியது 16 லிட்டர் மட்டுமே. மாடி நனையாது. அலமாரிக்குள் இருந்த சம்ப் வழிந்தால் ஒரு துணியோடு போகும். மாடியில் வழிந்தால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும் என்பதால், இந்த இரண்டாவது கணக்கே முதலாவதைவிட முக்கியமானது. விற்பனைக்கு வரும் ஆயத்தத் தொட்டிகளில் பலவற்றின் மோட்டார் அறை தேவைக்கு மேல் பெரிதாக இருப்பதையும் இங்கே கருத வேண்டும். அறை பெரிதாக இருந்தால் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அறையைக் குறைப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆவியாகும் நீரின் இழப்பு முழுவதும், அமைப்பின் மற்ற எந்த மட்டத்தையும் தொடாமல், மோட்டார் அறையில் மட்டுமே தெரியும். பங்குனி, சித்திரை வெயிலில் நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியானால் அந்தச் சிறிய அறையில் மட்டம் 5 சென்டிமீட்டர் இறங்கும். வீட்டார் நான்கு நாள் வெளியூர் போனால் மோட்டார் வெறுமனே சுழன்று கருகிவிடும். இதற்கு மிதவை வால்வு உதவும். ஆனால் மிதவை வால்வை மொட்டைமாடியின் ஆயிரம் லிட்டர் தொட்டியோடு நேராக இணைப்பது மேற்சொன்ன கணக்கு இரண்டையும் ஒரே நாளில் பொய்யாக்கிவிடும். வால்வில் உப்புப் படிந்து சிக்கிக்கொண்டால் குளோரின் கலந்த ஆயிரம் லிட்டரும் சம்புக்குள் இறங்கும். குளோரின் போக்கிய நீரை 15 அல்லது 20 லிட்டர் கேனில் நிரப்பிச் சம்புக்கு மேலே ஒரு பலகையில் வைத்து, அதிலிருந்து மட்டும் வால்வுக்கு இணைப்புக் கொடுத்தால், வால்வு பழுதானாலும் இழப்பு அந்தக் கேனோடு நிற்கும்.

இனி மோட்டார். அதன் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் அளவு, நீரைச் சிறிதும் உயர்த்தாமல் தள்ளும்போது கிடைப்பது. அதே பெட்டியில் இருக்கும் அதிகபட்ச உயரம், ஒரு சொட்டும் வெளியேறாத உயரம். இவ்விரண்டுக்கும் இடையே உயரம் கூடக்கூட நீரளவு எப்படிக் குறைகிறது என்று காட்டும் வளைகோட்டைப் பார்க்காமல் மோட்டார் வாங்கக் கூடாது. மாடியில் ஸ்டாண்டின் மேல் நிற்கும் தொட்டியின் விளிம்புக்கும் தரைத்தள சம்பின் நீர்மட்டத்துக்கும் இடையே, தளத்துக்குத் தளம் பத்தரை அடி உள்ள வீட்டில், ஏறத்தாழ 4.25 மீட்டர் உயரம் இருக்கும். குழாயின் உராய்வையும் வளைவுகளையும் சேர்த்தால் 5 மீட்டர். அலமாரி சம்புகளுக்கென்று கிடைக்கும் மோட்டார்களில் பெரும்பாலானவை இந்த உயரத்துக்கு நீரை எட்டவே விடமாட்டா.

மணிக்கு 1,500 லிட்டரை 5 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் 20 வாட். சிறிய மோட்டார்கள் உண்ணும் மின்சாரத்தில் கால்பங்குதான் நீரைத் தூக்கும் வேலையாக மாறுகிறது என்று கொண்டால் செலவு 80 வாட்டுக்கு மேல். அது இரவும் பகலும் அறுபது நாள் ஓடினால் 118 யூனிட் ஆகிறது. தமிழகத்தில் வீட்டு இணைப்புக்கு இரு மாதக் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டும் மீனுக்கே போய்விடும். அதே நீரை அலமாரியிலிருந்து 1.3 மீட்டர் உயர்த்த 30 யூனிட் போதும். ஆகவே கீழ்த்தளத்துக்கு மாற்றுவோர் சுழற்சியளவைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. 300 லிட்டர் நன்னீர்த் தொட்டிக்கு மணிக்கு 1,000 லிட்டர், அதாவது மூன்று தடவைக்குச் சற்று மேல், சம்ப் வழியே போனால் போதும். மின்செலவு 80 யூனிட்டுக்குள் அடங்கும். தொட்டிக்குள் நீரோட்டம் வேண்டும் என்றால், உயர்த்தும் வேலை இல்லாத சிறிய அலைமோட்டார் ஒன்று மிகக் குறைந்த செலவில் அதைச் செய்யும். வீட்டில் சும்மா கிடக்கும் அரை எச்.பி. மோனோபிளாக்கைப் பயன்படுத்த நினைப்போர், அது 370 வாட் என்பதையும், மேல்தொட்டியை நிரப்பிவிட்டு நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டதே தவிர ஓயாமல் ஓடுவதற்காக அல்ல என்பதையும், அதன் வார்ப்பிரும்பு துருவேறும் என்பதையும் கருத வேண்டும்.

இறக்குக் குழாயில் சிக்கல் வேறு வகைப்பட்டது. 3, 4 மீட்டர் உயரத்திலிருந்து காற்றும் நீரும் கலந்து விழுந்தால் சுவரெல்லாம் இரைச்சல் கேட்கும். நுண்குமிழிகள் சம்ப் முழுதும் பரவும். இரண்டு குழாய் முறை இதற்கு நல்ல தீர்வு. முதல் குழாய் எப்போதும் காற்றின்றி நீரால் நிறைந்திருக்கும். அதன் அடிமுனையில், சம்புக்கு அருகில், ஒரு கேட் வால்வைப் பொருத்தி நீரளவை நுட்பமாகக் கட்டுப்படுத்த வேண்டும். வால்வை மேல்முனையில் வைத்தால் அதற்குக் கீழே குழாய் மறுபடியும் காற்றோடு ஓடும் என்பதால் பயனில்லை. இரண்டாவது குழாயின் வாய் சற்று உயரத்தில் வெறுமையாக நிற்க வேண்டும். முதலாவது அடைபட்டால் மட்டும் அதில் நீர் இறங்கும், அந்தச் சத்தமே வீட்டாருக்கு எச்சரிக்கை. செலவை மிச்சப்படுத்துவதற்காக இரண்டாவது குழாயை விட்டுவிடுவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று. திரும்புமிடங்களில் எல்போவுக்குப் பதிலாக 45 பாகை வளைவுகளையும், கழற்ற வேண்டிய இடங்களில் யூனியன்களையும் பொருத்த வேண்டும். ஏற்றுக் குழாயின் வாய்க்கு மேலே, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழ், ஒரு சிறு துளை இட்டால் மட்டம் இறங்கியதும் காற்றுப் புகுந்து பின்னோட்டம் அறுபடும். அதற்கு மாற்றாக ஒருவழி வால்வை நம்புவோர் உண்டு. அதன் மூடியில் ஒரு மணல்துகள் மாட்டினாலும் நீர் கசியும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதே பாதுகாப்பு.

குழாய்களை இறக்கத் தளக் கான்கிரீட்டைத் துளைப்பதைவிடச் சன்னல் பக்கச் சுவர் வழியே வெளியே கொண்டுபோய் இறக்குவது எளிது. விட்டத்தையும் கம்பியையும் அறுக்கும் அபாயம் இல்லை. வெளியே இறங்கும் குழாய் வெயில் படாமல் மறைக்கப்பட வேண்டும். தளத்தைத் துளைக்காவிட்டாலும் அதன் சுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். நீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்ந்து நான்கடித் தொட்டி 400 கிலோவைத் தாண்டும். குடியிருப்புத் தளங்களுக்கு இந்தியத் தரநிலை கொள்ளும் அளவோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. சம்பின் 100 கிலோவைக் கீழே இறக்குவது உதவும் என்றாலும், மேல்தொட்டி சுவரை ஒட்டியோ விட்டத்தின் மேலோதான் நிற்க வேண்டும்.

கீழே எந்த அறை என்பது குழாய்க் கணக்கைவிடக் கவனம் வேண்டும் கேள்வி. கோழிப்பண்ணையும் மரவள்ளியும் சூழ்ந்த இப்பகுதி வீடுகளில் படிக்கட்டின் அடி என்பது பூச்சிமருந்து டப்பாக்கள், தெளிப்பான், பண்ணைக்கு அடிக்கும் கிருமிநாசினி ஆகியவற்றின் இடமாகவும் இருப்பதுண்டு. பூச்சிமருந்துகளில் பைரித்ராய்டு வகை மனிதருக்கு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத அளவிலும் மீனைக் கொல்லும். கொசுவத்தியிலும் திரவக் கொசுவிரட்டியிலும் இருப்பவை இவ்வகையே. சம்ப் அறையில் வைத்த காற்று மோட்டார் அந்த அறையின் காற்றைத்தான் நீருக்குள் செலுத்துகிறது. மருந்து இருக்கும் அறையில் சம்ப் வைக்கக் கூடாது; வேறிடம் இல்லையென்றால் மருந்தே வெளியேற வேண்டும். திறந்த சம்பில் ஓட்டமில்லாத மூலையில் ஏடிஸ் கொசு முட்டையிடும்; டெங்கு தடுப்புப் பணியாளர் வந்து பார்த்தால் தொட்டி என்ற விளக்கம் எடுபடாது. இறுக்கமான கொசுவலைச் சட்டம் ஒன்று கொசுவையும் தேரையையும் எலியையும் ஒருங்கே தடுக்கும்.

மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். பிளக் பலகை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் இருக்க வேண்டும். ஒயர் பிளக்குக்குள் போகும் முன் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், அப்போதுதான் ஒயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மாற்றும் நாளில் குழாயைவிட நுண்ணுயிர்களே முதற்கவனம். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா முதலிய பாக்டீரியாக்கள் பீங்கான் வளையங்களின் துளைகளில் வாழ்கின்றன. இவை உலர்ந்தாலோ, ஓட்டமின்றி ஆக்சிஜன் தீர்ந்தாலோ மடியும். ஆகவே புதிய குழாய்களை முன்னதாகவே ஒட்டி, ஒட்டுப்பசை 24 மணி நேரம் காய்ந்தபின் வெறும் நீரால் அலசி ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய சம்பை நிறுத்தும் வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும். வளையங்களைத் தொட்டி நீர் நிறைந்த வாளியில் இட்டு, காற்றுக்கல் போட்டுவைத்தால் ஒரு பகல் வேலைக்கு இடம் உண்டு. குழாய் நீரில் அவற்றைக் கழுவக் கூடாது, குளோரின் நுண்ணுயிரைக் கொல்லும். அன்றும் அடுத்த இரு நாளும் மீனுக்குத் தீனி குறைத்து, ஒரு வாரம் வரை அம்மோனியா, நைட்ரைட் அளவுகளைப் பரிசோதிக்க வேண்டும். காலையில் வெயில் ஏறுமுன் தொடங்குவது நல்லது; 25 பாகை நீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 32 பாகையில் 7.3 மட்டுமே.

மீன்கள் தொட்டியில் இருக்கும்போதே முதல் சோதனையைச் செய்யலாம். மோட்டாரை ஓட்டி மட்டங்கள் நிலைபெற்றதும் பிளக்கைப் பிடுங்கி, கீழே நீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கோடு போட வேண்டும். பிறகு மறுபடி ஓட்டி, முதல் இறக்குக் குழாயின் வாயைக் கையால் மூடி, இரண்டாவது குழாய் ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக இரண்டையும் மூடி, மோட்டார் அறை காலியாகும் வரை மேல்தொட்டி விளிம்பைக் கவனிக்க வேண்டும். ஒருவர் மாடியிலும் ஒருவர் பிளக்கருகிலும் நின்றால் இது எளிது. கோடை மழைக்கு முந்திய சூறைக்காற்றில் மின்சாரம் போய் வரும் மாதங்களில், மோட்டார் தானாக மீண்டும் ஓடத் தொடங்குகிறதா என்பதையும் பலமுறை நிறுத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். சில மோட்டார்கள் காற்றுச் சிக்கினால் ஓசை மட்டும் கிளப்பும், நீரை ஏற்றா. ஏற்றுக் குழாயின் காற்றுத்துளையில் பாசி அடைவது மெல்ல நடப்பதால் மாதம் ஒருமுறை அதை ஊசியால் குத்தி விட்டு, பிளக்கைப் பிடுங்கும் முதல் சோதனையைத் திரும்பச் செய்து, நீர் பழைய கோட்டிலேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.